நிரந்தர முகவரி யாது?

நம் கல்லூரி அன்னையின் விழாவையொட்டிப் பழைய மாணவர் பெயர்ப்பட்டியல் ஒன்று தொகுக்கப்படுகின்றது. அதன்பொருட்டு அச்சிட்டு அனுப்பப்பெற்ற படிவத்தில் இரண்டு கூடுகள் உள்ளன. ஒன்று ‘நிரந்தர முகவரி’. மற்றது ‘தற்காலிக முகவரி’. நெளுக்குளத்தில் எனக்கு அயலவராயுள்ள முதியவர் ஒருவர், எனக்குப் பல ஆண்டுகள் முன்னரே இக்கல்லூரியிற் பயின்றவர், அப்படிவத்தைக் கையிற் கொண்டு ஒருநாள் மாலை என் இல்லம் வந்தார். ஏனைய விபரங்களையெல்லாம் அழகிய கையெழுத்தில் நிரப்பியிருந்தார். அவ்விரு கூடுகள் மட்டும் வெறுமையாய்க் கிடந்தன. “தம்பி, இதிலே எதை எங்கே எழுதுவது?” என்று கேட்டார். எனக்கும் உடனே விடை தோன்றவில்லை.

அவர் பிறந்தது வலிகாமம் வடக்கில். 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஊரவரோடு ஊரை விட்டெழுந்தார். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது தென்மராட்சிக்கு நடந்தார். பின்பு கடல் கடந்து வன்னிக்கு வந்து, இறுதியில் வவுனியாவை அடைந்தார். இன்று நெளுக்குளத்தில் அவருக்குக் கிணறும் மனையும் உண்டு. முற்றத்து மாமரம் காய்த்துப் பல பருவமாயிற்று. மகளின் திருமணமும் அம்முற்றத்திலேயே நடந்தேறியது. ஆயினும் தந்தையார் விட்டுச்சென்ற காணி இன்னும் முட்கம்பி வேலிக்கு அப்பால் இருக்கின்றது. அதன் உறுதியோ அவர் பெட்டிக்குள் இருக்கின்றது. உறுதி ஓரிடமும் உடல் ஓரிடமுமாக முப்பதாண்டுக்கு மேல் வாழ்ந்தவரிடம் நிரந்தர முகவரி யாதென வினவினால் அவர் என்ன விடை கூறுவார்?

இஃது ஒரு படிவத்தின் கேள்வி மட்டுமன்று. வாக்குரிமை, குடியுரிமை, காணியுரிமை, பிள்ளையின் கல்வி, கணவன் மனைவியரின் ஆதனம் ஆகிய யாவும் ‘ஒருவன் இல்லம் எது?’ என்னும் இவ்வொரு வினாவிலே தங்கியிருக்கின்றன. ஆதலின் சட்டம் இவ்வினாவுக்கு இதுகாறும் எவ்வாறு விடை கூறிவந்தது என்பதையும், இனி எவ்வாறு கூறவேண்டும் என்பதையும் நம்மவர் சிந்தனைக்கு வைக்க விரும்புகின்றேன்.

தங்குதல் வேறு, வதிதல் வேறு, இல்லங்கொள்ளுதல் வேறு. சந்தைக்குச் சென்றவன் மடத்திலே தங்குகின்றான். உத்தியோகத்துக்குச் சென்றவன் வாடகை வீட்டில் வதிகின்றான். இவ்விருவருக்கும் இல்லம் பிறிதோரிடத்தில் இருத்தல் கூடும். ‘இப்போது எங்கே இருக்கிறீர்கள்?’ என்று கேட்டபின் ‘சொந்த ஊர் எது?’ என்று நம்மவர் மீண்டும் கேட்பதும் இவ்வேறுபாட்டை உணர்ந்தே. உரோமச் சட்டவறிஞர் இல்லத்துக்கு இலக்கணம் கூறுமிடத்து, ஒருவன் தன் குலதெய்வத்தையும் செல்வத்தையும் நிலைநாட்டிய இடமே அவன் இல்லம் என்ற கருத்தினர். உரோமன் டச்சுச் சட்டமே இந்நாட்டின் பொதுச்சட்டமாதலின் அக்கருத்து நமக்கும் புறம்பானதன்று. ஆங்கிலச் சட்டத்தார் ‘டொமிசில்’ என்பதும் இதனோடு உறவுடையதே. அதற்கு அவர் வேண்டுவன இரண்டு: அவ்விடத்தில் இருப்பு, அங்கேயே நிலைத்திருக்கும் எண்ணம். இரண்டும் ஒருங்கு கூடிய இடமே இல்லமாகும்.

இவ்விரண்டனுள் எண்ணமே வலிது என்பதை 1904ஆம் ஆண்டில் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை தீர்த்த ஒரு வழக்கால் அறியலாம். வில்லியம் வினன்ஸ் என்னும் அமெரிக்கச் செல்வர் 1860ஆம் ஆண்டளவில் உடல் நலங் கருதி இங்கிலாந்துக்கு வந்து, 1897இல் இறக்கும்வரை ஏறக்குறைய 37 ஆண்டுகள் பெரும்பாலும் அங்கேயே வாழ்ந்தார். ஆயினும் அவர் உள்ளம் அந்நாட்டில் ஒட்டவில்லை. புதுவகைக் கப்பல்கள் கட்டி அமெரிக்க வாணிகத்தை உயர்த்துவதும், பால்ற்றிமோர் நகரத்துக்கு மீளுவதுமே அவர் கனவாயின. அக்கனவு நிறைவேறவில்லை. எனினும் அவர் இங்கிலாந்தைத் தம் இல்லமாகக் கொண்டார் என்பது நிறுவப்படவில்லை என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. செல்வரொருவரின் நிறைவேறாத கனவுக்கு அந்நாட்டு நீதி அத்துணை மதிப்பளித்தது. முட்கம்பிக்கு அப்பாலுள்ள முற்றத்தை நினைந்து வாழும் நம் ஏழையின் எண்ணத்துக்கு எத்துணை மதிப்பளிக்க வேண்டும்!

நம் நாட்டிலேயே இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. 1707ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தர் தொகுத்து, 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் ஆங்கிலேயர் உறுதிப்படுத்திய தேசவழமை, யாழ்ப்பாண மாகாணத்து மலபார்க் ‘குடிகளுக்கு’ உரியதாக விதிக்கப்பட்டது. அக்குடிகள் யாவர்? தமிழராய்ப் பிறந்தோர் அனைவருமா? அந்நிலத்தில் இன்று கால் வைத்தவரெல்லாருமா? கடந்த நூற்றாண்டின் தொடக்கந்தொட்டு நீதிமன்றங்கள் இதனை ஆராய்ந்து, அங்கே நிலையான இல்லமுடையோரே குடிகள் எனப் பொருள்கொண்டன. ஆகவே உத்தியோகத்தின் நிமித்தம் கொழும்பில் நெடுங்காலம் வாழ்ந்தமையால் மட்டும் ஒருவர் அக்குடிமையை இழப்பதில்லை. கொழும்பையே தம் இல்லமாக வரித்துக்கொண்டாரெனின் இழப்பர். இதனால் விளைவது சிறிதன்று. தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் அசையா ஆதனத்தை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் சம்மதம் வேண்டும். உட்படாதவளுக்கு அத்தடை இல்லை. ஒரு பெண் தன் சீதனக் காணியைத் தானே கையாளலாமா என்பதுகூட இல்லம் எது என்னும் வினாவில் வந்து முடிகின்றது.

கொழும்புக்குச் சென்ற உத்தியோகத்தருக்கு அளித்த இந்த நுண்மையான நீதி, மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளிக்கு அளிக்கப்படவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவனைப் புறத்தே நிறுத்தியது. அடுத்து வந்த 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், 1946ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதிக்கு முன்னர் மணமானவர் 7 ஆண்டும் ஏனையோர் 10 ஆண்டும் இடையறாது இந்நாட்டில் வதிந்தமையை எண்பிக்க வேண்டுமெனக் கூறியது. லயன் அறையில் மூன்று தலைமுறையாக வாழ்ந்தவனிடம் அவ்வாழ்க்கைக்குப் பத்திரம் எங்ஙனம் இருக்கும்? இச்சட்டங்களால் வாக்குரிமை இழந்தோரின் முறைப்பாடு கோமறைக் கழகம் வரை சென்று 1953இல் தோல்வியுற்றது. உழைப்பு இங்கே, பிறப்பு இங்கே, சுடுகாடும் இங்கே. இல்லம் மட்டும் வேறெங்கோ என்று சட்டம் சாதித்தது.

அம்மக்களுட் பல குடும்பங்கள் 1977ஆம் ஆண்டு வன்செயல்களின் பின்னர் வவுனியாப் பகுதிகளுக்கு வந்து காடு திருத்தின. வன்னியில் ஊர்ப்பெயர்களே ஒரு நீதியைக் கூறுகின்றன: நெளுக்குளம், வேப்பங்குளம், பூவரசங்குளம், செட்டிகுளம். குளத்தைக் கட்டி, அதன் கீழே வயலைத் திருத்திய இடமே ஊராயிற்று. அக்குளக்கட்டு உடையும் நாளில் மண்வெட்டியோடு வந்து நிற்பவனே ஊரவன். இந்நீதியின்படி மலைநாட்டிலிருந்து வந்து மண்ணோடு மல்லாடியவனும் முழுமையான ஊரவனே. அரசின் சட்டம் இதனை ஏற்க நெடுங்காலம் பிடித்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி முதல் இந்நாட்டில் நிலையாக வதிந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை வழங்கியது. எனினும் போருக்கு அஞ்சி இந்தியாவுக்கு ஓடியவரின் வதிவு இடையற்றுப் போயிற்றே என்னும் குறை எஞ்சியது. 2009ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அக்குறையையும் நோக்கிற்று. தம்மால் தடுக்கவியலாத காரணத்தால் நீங்கியவருக்கு அந்நீக்கம் தடையாகாது என்பதே அதன் சாரம்.

இச்சாரத்தையே யான் பெரிதும் போற்றுகின்றேன். இருப்பும் எண்ணமும் என்னும் பழைய இலக்கணம் அமைதிக் காலத்துக்குப் போதும். போர்க் காலத்தில் மனிதனின் இருப்பு அவன் வசத்தில் இல்லை. ஆகவே மூன்றாவதாக ஒன்றையும் சட்டம் கேட்டல் வேண்டும். அவன் தானே விரும்பிச் சென்றானா? தானே விரும்பி இருந்தானா? வலிந்து துரத்தப்பட்டவனின் இன்மை, இல்லத்தைத் துறந்தமையாகாது. வலிந்து நிறுத்தப்பட்டவனின் இருப்பு, இல்லங்கொண்டமையாகாது.

பின்னதற்கு நம் மாவட்டமே சான்று. வவுனியாவுக்கு வந்த மக்கள் ‘பாஸ்’ என்னும் துண்டுக்காக வரிசையில் நின்ற காலத்தை நம்மில் நடுவயதினர் மறந்திரார். ஒருநாள் பாஸ், ஒருவார பாஸ், ஒருமாத பாஸ் என அளந்து கொடுக்கப்பட்ட இருப்பு அது. சிதம்பரபுரம் முகாமில் தங்கியிருந்த ஏழை ஒருவர் உயர் நீதிமன்றத்தை நாடினார். அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை அன்ன வாசகங்களை அவர் மனப்பாடம் செய்திருக்கமாட்டார். ஆயினும் இலங்கைக்குள் நடமாடவும் தன் வதிவிடத்தைத் தானே தெரிந்துகொள்ளவும் ஒவ்வொரு குடிமகனுக்கும் அவ்வுறுப்புரை அளித்த சுதந்திரம் அவருக்கும் உரியது; சட்டத்தின் அடிப்படையின்றி அதனை மறித்தல் தகாது என 2002ஆம் ஆண்டில் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. வதிவிடத்தைத் ‘தெரிதல்’ என்னும் சொல்லே ஈண்டு உயிரானது. தெரியும் உரிமை இல்லாதவிடத்து வதிவிடமும் இல்லை, தடுப்பிடமே உண்டு.

அத்தீர்ப்பு வந்து ஏழாண்டு கழிந்து, நெளுக்குளத்துக்கு மேற்கே செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் இலட்சக்கணக்கான மக்கள் கம்பிவேலிக்குள் வைக்கப்பட்டனர். 2012ஆம் ஆண்டு செப்தெம்பரில் அம்முகாம் மூடப்பட்டபோது, இறுதியாக வெளியேறியவருள் முல்லைத்தீவுக் கேப்பாப்பிலவு மக்களும் இருந்தனர். அவர்கள் சொந்த ஊருக்கன்றிச் சீனியாமோட்டைக்கு அனுப்பப்பட்டனர். அவர்தம் ஊரில் படையினர் இருந்தனர். முகாம் மூடிய கணக்கு நேராயிற்று. இல்லம் சேர்ந்த கணக்கு நேராகவில்லை. 2017ஆம் ஆண்டில் அம்மக்கள் தம் ஊர் வாயிலில் இருந்து போராடியது, ‘மீள்குடியேற்றம்’ என்னும் சொல்லின் பொருளைச் சட்டத்துக்கும் நிருவாகத்துக்கும் கற்பித்த போராட்டமென்றே யான் கருதுகின்றேன்.

இனி முன்னதை நோக்குவோம். இல்லாதவனின் இல்லத்தைச் சட்டம் எவ்வாறு காக்கின்றது? வாக்காளர் இடாப்பை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் 2010இல் 9 பாராளுமன்ற உறுப்பினரைத் தெரிந்தது. 2015இல் 7 பேரை. 2024இல் 6 பேரையே தெரிந்தது. இடாப்பிலுள்ள பெயர்களின் தொகைக்கேற்ப ஆசனங்கள் பங்கிடப்படுகின்றன. கனடாவிலும் ஐரோப்பாவிலும் விரும்பிக் குடியேறி அந்நாட்டுக் குடிகளானோரின் பெயர் நீங்குதல் முறையே. அதற்கு நாம் முறையிடலாகாது. ஆனால் புத்தளத்தில் வதியும் வடபுல முஸ்லிம் மக்களை நினைத்துப் பாருங்கள். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வலிந்து வெளியேற்றப்பட்ட அவர்கள், பெயரை மன்னாரில் வைத்தால் புத்தளத்தில் அயலார்; புத்தளத்தில் வைத்தால் மன்னாரில் அயலார். 2017ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சிறப்பேற்பாடுகள் சட்டம், இடம்பெயர்ந்தோர் தாம் முன்பு வதிந்த இடத்தில் வாக்காளராகப் பதிய வழி வகுத்தது. நல்ல சட்டம். ஆயினும் அது காலவரையறையுடையது. இடப்பெயர்வுக்கு வரையறை இல்லாதபோது பரிகாரத்துக்கு மட்டும் வரையறை எதற்கு?

காணியிலும் இந்நிலையே. பிறன் காணியைப் பத்தாண்டு தடையின்றி எதிருரிமையாக ஆண்டவன் அதற்கு உரியவனாகலாம் என்பது 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் விதி. உறங்குபவனுக்குச் சட்டம் துணைசெய்யாது என்பது அதன் கருத்து. ஆனால் ஷெல் வீச்சுக்கு அஞ்சி ஓடியவன் உறங்கியவனல்லன். 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இதனை உணர்ந்து, போர்ச் சூழ்நிலையால் தம் உரிமையை நாடவியலாது போனோருக்கு 1983ஆம் ஆண்டு மே முதலாந் திகதி முதல் 2009ஆம் ஆண்டு மே 18ஆந் திகதி வரையுள்ள காலத்தைக் கணக்கிலிருந்து விலக்கியது. ஆயினும் வழக்கிடுவதற்கு இரண்டாண்டே தவணை. அத்தவணை கடந்து பல்லாண்டாயிற்று. பத்திரிகையும் எட்டாத குடிசைகளில் வாழ்ந்தோர்க்குச் சட்டம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

மறுதலையாக ஒரு வாதம் உண்டு. “கால் நூற்றாண்டு வவுனியாவில் உண்டு உடுத்து வாழ்பவர் இன்னும் தம்மை வேற்றூரவர் என்பது முறையா? அரசுக்கு ஒருவனைப் பற்றி ஒரு முகவரிதானே வேண்டும்?” என்பர். இவ்வாதத்தில் உண்மை உண்டு. ஒருவனுக்கு ஒரு வாக்கு. ஆதலின் இடாப்பில் ஓரிடமே இருத்தல் வேண்டும். ஆனால் அவ்வோரிடம் எதுவென்பதைத் துரத்தப்பட்டவனே ஒருமுறை அறிவிக்கட்டும். அவன் பொய்யுரைத்தானென்று கூறுபவர் அதனை நிறுவட்டும். எண்பிக்கும் சுமையைப் பெட்டி இழந்தவன் தலையில் ஏற்றலாகாது. மேலும், வாக்குக்கு ஓரிடம் என்பதனால் காணிக்கும் அவ்விடமே என்பதில்லை. நெளுக்குளத்தில் வாக்களித்தமையால் வலிகாமத்துக் காணியைக் கைவிட்டார் என்று எவரும் கொள்ளலாகாது.

இத்துணையும் அரசை நோக்கிக் கூறினேன். நம்மை நோக்கியும் ஒன்று கூறாவிடின் இக்கட்டுரை நேர்மையுடையதாகாது.

பல்கலைக்கழக அனுமதியில் நூற்றுக்கு 40 அகில இலங்கைத் திறமைக்கும், 55 மாவட்டத் திறமைக்கும், 5 பின்தங்கிய மாவட்டங்களுக்குமாக இடங்கள் பகுக்கப்பட்ட முறையை நாமறிவோம். வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகியன அப்பின்தங்கிய மாவட்டங்களுட் சேர்ந்தவை. குளக்கட்டால் மைல் கணக்கில் நடந்து பாடசாலை செல்லும் பிள்ளைக்காக ஒதுக்கிய இடம் அது. அவ்விடத்தைக் குறிவைத்து, நகரத்தில் சிறந்த ஆசிரியரிடம் பயிலும் பிள்ளைக்கு வன்னியில் ஒரு முகவரி தேடுவோர் நம்மிடையே இல்லையா? உறவினர் வீட்டிலக்கம், விதானையார் கடிதம், இடாப்பில் ஒரு பெயர் ஆகிய எல்லாம் ஒழுங்காக இருக்கும். பிள்ளை மட்டும் அவ்வீட்டில் ஒருநாளும் உறங்கியிராது. முதலாந்தர அனுமதியில் பெயர்பெற்ற கல்லூரிகளின் அயலிலே திடீரெனக் குடியிருப்போர் பெருகுவதும் இவ்வகையினதே. மெய்யான குடியிருப்பாளன் பத்திரமின்றித் தோற்கின்றான். பொய்யான குடியிருப்பாளன் பத்திரத்தோடு வெல்கின்றான். இப்பொய்யால் விளையும் பெருந்தீங்கு யாதெனில், அதனைக் கண்ட அதிகாரி மெய்யானவனிடமும் மேலும் மூன்று பத்திரம் கேட்கின்றான் என்பதே. கற்றவர் சொல்லும் பொய்க்குக் கல்லாதவர் அபராதம் செலுத்துகின்றனர்.

ஆகவே என் கருத்து இது. சட்டம் இல்லத்தைத் துணியுங்கால் இருப்பையும் எண்ணத்தையும் மட்டுமன்றி விருப்பையும் நோக்கல் வேண்டும். இடம்பெயர்ந்தோர் காணிக்கும் வாக்குக்கும் தந்த தற்காலிகப் பரிகாரங்கள் நிலையான சட்டமாதல் வேண்டும். பத்திரமில்லாத நெடுங்கால வதிவுக்கு ஊரவர் சாட்சியமும் பாடசாலைப் பதிவேடும் பிறப்புப் பதிவும் சான்றாக ஏற்கப்படல் வேண்டும். நம் பழைய மாணவருள் சட்டத்தரணிகள் உளர், பிரதேச செயலகத்தில் பணிபுரிவோர் உளர், ஓய்வுபெற்ற ஆசிரியர் பலர் உளர். விழாச் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கி, மாதத்தில் ஒரு சனிக்கிழமையேனும் கல்லூரி மண்டபத்தில் அமர்ந்து, காணிப்பத்திரமும் பிறப்புப் பதிவும் இடாப்புப் பெயரும் சீர்செய்ய வழிதெரியாத மக்களுக்கு உதவினால், அதுவே இவ்விழாவின் நிலைத்த நினைவாகும். அத்துடன், வதியாத வீட்டுக்குச் சான்று எழுதுவதில்லை என்று நாம் ஒவ்வொருவரும் உறுதி கொள்வோமாக.

முதியவரின் படிவம் என்னவாயிற்று என நீங்கள் கேட்கக்கூடும். இருவரும் நெடுநேரம் உரையாடினோம். இறுதியில் அவர் ‘தற்காலிக’ என்னும் சொல்லை ஒரு கோட்டால் வெட்டினார். முதற் கூட்டில் வலிகாமத்து முகவரியையும் இரண்டாங் கூட்டில் நெளுக்குளத்து முகவரியையும் எழுதிக் கையொப்பமிட்டார். மலர்க் குழுவினர் அதனைத் திருத்தாது, அவர் எழுதியவாறே அச்சிடும்படி வேண்டுகின்றேன்.